நாஞ்சில் நடந்த தூரம்



கும்பப்பூ அறுவடை முடிகிற காலம் இது. தேரூர்ப் பக்கமும் சுசீந்திரம் பக்கமும் வயல்களில் வைக்கோல் கட்டுகள் கிடக்கின்றன. அறுவடை எந்திரம் போன தடம் சேற்றில் அப்படியே காய்ந்து இறுகியிருக்கிறது. இந்த நேரத்தில் தோவாளை வட்டத்திலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் எழுதிய கடிதம் வந்தது. நாஞ்சில் என்றால் கலப்பை என்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்குப் போய், அறுபது வருஷம் உழவு கண்ட தாத்தாவிடம், கலப்பையை நாஞ்சில் என்று எப்போதாவது சொன்னதுண்டா என்று கேட்டிருக்கிறார். தாத்தா சொன்ன பதிலை அப்படியே எழுதியிருந்தார்: “அது ஊருக்க பேருல்லா மக்கா. சாமானத்துக்க பேரு கலப்பைதான்.”

அப்படியானால் நாஞ்சில் என்று கலப்பையைச் சொன்னவர்கள் யார், அந்தச் சொல் எங்கே போயிற்று என்பது அவருடைய கேள்வி. இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே தேவைப்பட்டது.

தாத்தா சொன்னது சரி. இன்றைக்கு நாஞ்சில் நாட்டு வயலில் எவரும் நாஞ்சில் என்று சொல்லிக் கலப்பையைத் தூக்குவதில்லை. பூதப்பாண்டிக்கு அப்பால் ஒரு வீட்டுத் தொழுவத்தில் உத்தரத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த பழைய மரக்கலப்பையை ஒருமுறை கீழே இறக்கிப் பார்த்திருக்கிறேன். கை பிடிக்கிற மேழி, பல தலைமுறை உள்ளங்கை பட்டுப் பளபளவென்று இருந்தது. கொழு துருவேறி நுனி மழுங்கியிருந்தது. நீளமான ஏர்க்காலின் முனைப்பக்கத்தில் வரிசையாகச் சில வெட்டுகள். நுகத்தைக் கட்டும் கயிறு அந்த வெட்டுகளில்தான் உட்காரும். ஒரு வெட்டு முன்னே தள்ளிக் கட்டினால் உழவின் ஆழம் ஒரு மாதிரி, பின்னே தள்ளிக் கட்டினால் வேறு மாதிரி. மண்ணின் ஈரத்தையும் மாட்டின் உயரத்தையும் பார்த்து உழவர் கட்டுவார். மேழி, கொழு, ஏர்க்கால், நுகம் என்று ஒவ்வொரு உறுப்புக்கும் அந்த வீட்டுப் பெரியவர் பெயர் சொன்னார். நாஞ்சில் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. அந்த வீட்டுக்கு வரும் தபாலின் முகவரியிலோ நாஞ்சில் நாடு இருந்தது.

பேச்சு கைவிட்ட சொல்லை ஊர்ப்பெயர் காப்பாற்றி வைத்திருக்கிறது. அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களின் நெல்வயல் பரப்பைத்தான் நாஞ்சில் நாடு என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். சுசீந்திரம் கோயில் கல்வெட்டுகளில் அந்தப் பெயர் இருக்கிறது. அதற்கும் முன்னே புறநானூற்றில் நாஞ்சில் என்பது ஒரு மலை. அந்த மலைக்குத் தலைவன் நாஞ்சில் வள்ளுவன். மருதன் இளநாகனாரும் ஒருசிறைப் பெரியனாரும் கருவூர்க் கதப்பிள்ளையும் அவனைப் பாடியிருக்கிறார்கள். ஔவையார் பாடிய 140-ஆம் பாட்டின் செய்தி நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. கீரைக்கறியோடு சேர்த்துச் சமைக்கக் கொஞ்சம் அரிசியை ஔவையார் வள்ளுவனிடம் கேட்டார். தன் தகுதியை நினைத்த அவன் யானையைக் கொடுத்து அனுப்பினான். நெல் விளையும் நாட்டில் அரிசி கேட்டவருக்கு யானை.

கலப்பை என்ற பொருளில் அந்தச் சொல் சங்கப் பாடல்களில் உயிரோடு இருக்கிறது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் நான்கு தெய்வங்களை வரிசையாகச் சொல்கிறார். அதில் பனைக்கொடி உடைய பலராமனுக்குப் படைக்கலம் நாஞ்சில். நிகண்டுகளும் அகராதிகளும் இன்னொரு பொருளையும் தருகின்றன: கோட்டை மதிலின் ஓர் உறுப்பு. வயலைக் கீறும் கருவி, தெய்வத்தின் ஆயுதம், மதிலின் அங்கம் என்று மூன்றாகப் பிரிந்து, கடைசியில் மூன்றையும் இழந்து, ஒரு நிலத்தின் பெயராகவும், நாஞ்சில் நாடன், நாஞ்சில் மனோகரன் என்று அந்த நிலத்து மக்களின் பெயருக்கு முன்னால் வரும் அடையாளமாகவும் நம்மிடம் நிற்கிறது.

நம் எல்லையைத் தாண்டினால் அந்தச் சொல் இன்னும் மண்ணில் உழுதுகொண்டிருக்கிறது. தெலுங்கில் கலப்பைக்கு நாகலி. கன்னடத்தில் நேகிலு. மலையாளத்தில் ஞேங்ஙோல். நடு இந்தியக் காடுகளில் கோண்டி பேசும் மக்கள் நாங்கேல் என்கிறார்கள். அவர்கள் வாயில் ‘ங்க’ அப்படியே இருக்கிறது. நம் வாயில் அது ‘ஞ்ச’ ஆகியிருக்கிறது. இவை எல்லாம் ஒரே குடும்பத்து மொழிகள், அதனால் வியப்பில்லை.

வியப்பு, குடும்பத்துக்கு வெளியே தொடங்குகிறது. ரிக் வேதத்தின் நான்காம் மண்டலத்தில் வயலின் தெய்வத்தைப் போற்றும் பாடலில் கலப்பைக்கு லாங்கலம் என்ற சொல் வருகிறது. பாலியில் அது நங்கல. சிங்களத்தில் நகுல. வங்காளத்தில் லாங்கல், மராட்டியில் நாங்கர். இவை இந்தோ-ஆரிய மொழிகள். நமக்கு அண்டைவீடு, ஆனால் வேறு குடும்பம். இன்னும் கிழக்கே போனால் மூன்றாவது குடும்பம்: சந்தாலி மக்கள் நஹெல் என்கிறார்கள், மேகாலயத்தின் காசி மக்கள் லிங்கோர் என்கிறார்கள், கம்போடியாவின் கெமர் மொழியில் அங்கல். கடலையும் தாண்டி நான்காவது குடும்பத்துக்குப் போனால் மலாயில் தெங்காலா. சுமத்ராவின் பத்தாக் மக்களுக்குத் திங்காலா. நான்கு குடும்பங்கள், ஒன்றுக்கொன்று பிறப்பில் உறவில்லாதவை. நம் வட்டாரத்தின் பெயர் நான்கிலும் கலப்பையாக இருக்கிறது.

இந்தப் பயணத்தில் அந்தச் சொல் எடுத்த வடிவங்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொன்றும் எனக்கு ஒவ்வொரு விதத்தில் நெஞ்சைத் தொட்டது.

தாய்லாந்தில் ஆண்டுதோறும் மே மாதம், மழைக்கு முன்னால், பாங்காக் அரண்மனை அருகிலுள்ள திடலில் அரச உழவுச் சடங்கு நடக்கிறது. அலங்கரித்த எருதுகளைப் பூட்டி, அரசரின் பிரதிநிதி சால் ஓட்டி நெல் விதைக்கிறார். பிறகு எருதுகளின் முன்னால் நெல், சோளம், பயறு, எள், புல், தண்ணீர், மது என்று ஏழு வகையை வைக்கிறார்கள். எருது எதில் வாய் வைக்கிறதோ அதை வைத்து அந்த வருஷத்து விளைச்சலுக்குக் குறி சொல்கிறார்கள். திடலில் சிதறிய நெல்மணிகளைப் பொறுக்கிப் போய்த் தங்கள் விதைநெல்லோடு கலப்பதற்கு உழவர்கள் ஓடிவருகிறார்கள். அந்தச் சடங்கின் அரசுப் பெயரில் கலப்பைக்கு இருக்கும் சொல் பாலியிலிருந்து வந்த நங்கல். எழுத்தில் கடைசியில் ‘ல்’ இருந்தாலும், தாய் மொழி வழக்கப்படி நாவில் ‘ன்’ ஆகி நங்கன் என்று ஒலிக்கும். அன்றாடப் பேச்சில் தாய் உழவர்களும் வேறு சொல்லைத்தான் சொல்கிறார்கள். வயல் மறந்த சொல்லை அங்கே சடங்கு வைத்திருக்கிறது. இங்கே நிலத்தின் பெயர் வைத்திருக்கிறது.

இரண்டாவது ஜாவாவில். அங்கே நிழல்பொம்மைக் கூத்தில் பலராமனுக்குப் பலதேவா என்று பெயர். அவன் கை ஆயுதம் நங்காலா. நக்கீரர் பாடிய அதே தெய்வம், அதே கருவி, ஏறக்குறைய அதே பெயர். இந்தோனேசியக் கடற்படை தன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தது. 2021 ஏப்ரலில் பாலித் தீவுக்கு வடக்கே பயிற்சிக்காக மூழ்கிய நங்காலா மேலே வரவில்லை. உள்ளே இருந்த 53 பேரும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் கப்பலின் பெயரைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே இருந்தேன். 2017 நவம்பர் 30-ஐ, ஒக்கிப் புயலை, கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்திருந்த சின்னத்துறையையும் வள்ளவிளையையும் மறக்காத மாவட்டம் இது. அந்த ஐம்பத்து மூன்று வீடுகளின் துயரம் நமக்கு அந்நியமாக இருக்க முடியாது.

மூன்றாவது நம் வேலியிலேயே இருக்கிறது. செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப் பூ என்றும் சொல்வோம். அதன் கிழங்கைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு கை விரித்தது போல வளைந்து, ஒரு முனை கூர்மையாக, கலப்பையைச் சிறிதாக்கி மண்ணுக்குள் வைத்த மாதிரி இருக்கும். நம் வைத்தியர்கள் அதற்கு வைத்த பெயர் கலப்பைக் கிழங்கு. வடமொழி வைத்திய நூல்கள் வைத்த பெயர் லாங்கலீ. இரண்டு மொழியாரும் ஒரே கிழங்கைப் பார்த்து ஒரே கருவியை நினைத்திருக்கிறார்கள். கடும் நஞ்சு அது. பிள்ளைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் கோல்சிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்துக் கீல்வாத மருந்து செய்கிறார்கள்.

சரி, இந்தச் சொல்லை முதலில் சொன்னவர்கள் யார்? இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் நிதானம் இழக்கிறார்கள். வடமொழியிலிருந்து நாம் வாங்கியது என்று ஒரு சாரார் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் லாங்கலத்துக்கு அந்த மொழிக்குடும்பத்தின் மேற்குக் கிளைகளில் உறவுச் சொல் இல்லை. வேதத்தின் மொழியே இந்த மண்ணுக்கு வந்த பிறகு இங்கிருந்தவர்களிடம் கற்றுக்கொண்ட சொல் அது என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. இங்கிருந்தவர்கள் என்றால் யார்? பிரெஞ்சு அறிஞர் ழான் பிசிலுஸ்கி, சந்தாலியும் காசியும் கெமரும் சேர்ந்த ஆஸ்ட்ரோ-ஆசியக் குடும்பத்தை 1920-களில் கைகாட்டினார். டச்சு அறிஞர் கய்ப்பரும் அந்த வழியில் சென்றார். எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. திராவிட மூலத்துக்காக வாதாடுகிறவர்களும் உண்டு.

எனக்கு நெருக்கமாகப் படுவது பிசிலுஸ்கியின் கருத்துதான். நெல்லோடும் சேற்றோடும் வாழ்ந்த, எழுத்தில்லாத, அரசில்லாத மக்கள் சொல்லித் தந்த சொல் வேதத்திலும் ஏறியது, சங்கப்பாட்டிலும் ஏறியது என்று நினைக்கிறபோது எனக்குத் தமிழின் மேல் உள்ள அன்பு கொஞ்சமும் குறையவில்லை. நம் நிலத்தின் பெயர் நான்கு மொழிக்குடும்பத்து உழவர்கள் சேர்ந்து வைத்த பெயர் என்பதை நான் பெருமையாகவே சொல்வேன்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒலி ஒத்துப்போனால் உறவு என்று நம்பிவிடக்கூடாது. கலப்பைக்கு நம்மிடம் இருக்கும் இன்னொரு சொல்லையே பாருங்கள்: ஏர். லத்தீனில் உழுவதற்கு அராரே. கிரேக்கத்தில் அரோஓ. பழைய ஆங்கிலத்தில் எரியன். அது பின்னால் இயர் என்று சுருங்கி, 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் உழவைக் குறிக்கும் சொல்லாக இருக்கிறது. ஆங்கில வேதாகமம் வாசிக்கும் பழக்கமுள்ள நம் சபைகளில் பெரியவர்கள் சிலர், யோசேப்பின் கதையில் அந்த இடம் வரும்போது தடுக்கி நின்றிருப்பார்கள். பஞ்சத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஆங்கிலத்தில் இயர் என்ற ஒரே ஒலிக்குள் மூன்று சொற்கள் வந்து சேர்ந்திருக்கின்றன: காது ஒன்று, நெற்கதிர் ஒன்று, உழு ஒன்று. மூன்றுக்கும் வேர் வேறு வேறு. பழைய ஆங்கிலத்தில் மூன்றும் தனித்தனி வடிவத்தில் இருந்தன. காலம் தேய்த்துத் தேய்த்து ஒன்றாக்கிவிட்டது. உழவைக் குறித்த சொல் பிறகு வழக்கொழிந்து போனது.

நம் ஏரும் அவர்கள் இயரும் அக்கா தங்கை போலத்தான் தெரியும். இடையன்குடியில் வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், திராவிடச் சொற்களுக்கும் ஐரோப்பியச் சொற்களுக்கும் ஒப்புமை காட்டி நீண்ட பட்டியல்கள் போட்டவர். அன்றைக்கு அந்தத் தேடல் தேவைப்பட்டது. இன்று தெரிகிறது: ஓர் உயிரும் ஒரு ‘ர்’ உம் மட்டும் உள்ள இத்தனை குட்டிச் சொல் இரண்டு மொழிகளில் தற்செயலாக ஒத்துவிடுவது எளிது. அராரேயின் பழைய வடிவத்தைத் தேடிப் பின்னோக்கிப் போகப் போக, அது தொண்டை ஒலிகள் சேர்ந்த வேறொரு வேராகி நம் ஏரை விட்டு விலகிவிடுகிறது. நாஞ்சில் அப்படியில்லை. மூக்கொலி, அதை அடுத்த மெய், கடைசி லகரம் என்று பல இடங்களில் ஒலி பொருந்துகிறது. பொருள் இம்மி பிசகாமல் கலப்பை. அதைச் சொல்லும் மக்கள் அடுத்தடுத்த நிலங்களில் வாழ்ந்தவர்கள், ஒருவரோடு ஒருவர் பெண்ணும் விதையும் மாடும் மாற்றிக்கொண்டவர்கள். உறவுக்கு இத்தனை சாட்சி வேண்டும். மொழிப்பெருமையின் பெயரால் உலகத்து ஊர்ப்பெயர்களை எல்லாம் தமிழ் என்று எழுதி அனுப்பும் நண்பர்களிடம் நான் அன்போடு கேட்டுக்கொள்வது, இந்தச் சாட்சிகளைத் தேடிவிட்டு எழுதுங்கள் என்பதுதான்.

ஒரே ஒலி வேறு பொருள் தருவது நமக்குப் புதிதில்லை. நாமே தமிழுக்கும் மலையாளத்துக்கும் எல்லையில் வாழ்கிறவர்கள். நாம் சக்கை என்றால் பலாப்பழம். மதுரைக்காரர் சக்கை என்றால் பிழிந்து எறிந்த கரும்பு. மலையாளத்துச் சக்கைதான் போர்த்துக்கீசியர் வாயில் ஜாக்கா ஆகி, ஆங்கிலத்தில் ஜாக் பழம் ஆனது. இந்தக் குழப்பமும் தெளிவும் நமக்குச் சிறுபிள்ளையிலிருந்தே பழக்கம்.

கடைசியாகக் கடற்கரைக்கு வருகிறேன். குளச்சலிலும் முட்டத்திலும் நம் மீனவர்கள் அன்றாடம் சொல்லும் நங்கூரம் என்ற சொல், பாரசீக லங்கர் வழியாக நமக்கு வந்தது. அதே லங்கர் பாரசீகத்தில் சூஃபிகளின் சத்திரத்துக்கும் பெயரானது. அங்கிருந்து அஜ்மீர் தர்காவிலும் சீக்கியர்களின் குருத்வாராக்களிலும், வருகிறவர் எவரானாலும் பசியாற்றும் அன்னசாலைக்குப் பெயரானது. மராட்டியில் நாங்கர் என்று சொன்னால் கலப்பை என்றும் பொருள், நங்கூரம் என்றும் பொருள். ஒன்று மண்ணைப் பிடித்து நகரும், இன்னொன்று மண்ணைப் பிடித்து நிற்கும். ஒரே வேர் இரண்டாகக் கிளைத்ததா, இரண்டு வேர்கள் மராட்டி நாவில் வந்து கூடினவா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து ஒன்றாகவில்லை. மேலே சொன்ன சாட்சி விதியை இங்கேயும் கடைப்பிடித்து நானும் முடிவு சொல்லாமல் விடுகிறேன். ஆனால் தோவாளை வயலுக்கும் முட்டம் கடலுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்தான். நாஞ்சிலும் நங்கூரமும் இத்தனை பக்கத்தில் வாழும் மாவட்டம் வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்தச் சொற்களைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்த பிறகு கடைமடை வரை தண்ணீர் பாய்ந்த வயல்களில் எத்தனையோ இன்று தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் நாலுவழிச் சாலையாகவும் மாறிவிட்டன. டிராக்டர் வந்தது நல்லதுதான். மாட்டின் பின்னால் நடந்து முதுகு ஒடிந்தவர்களிடம் போய் மரக்கலப்பையின் அழகைப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் மேழியும் கொழுவும் தெரிந்த கடைசித் தலைமுறை இப்போது எண்பது வயதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேரூரில் கேட்ட பேச்சு, அவருடைய ‘மருமக்கள் வழி மான்மிய’த்தில் பதிவானதால்தான் நமக்குக் கிடைத்தது. பதிவாகாத சொற்கள் அவற்றைப் பேசியவர்களோடு போய்விடும்.

ஆகவே அந்த மாணவி தாத்தாவிடம் கேட்டதைப் போல நீங்களும் கேட்டு எழுதுங்கள். உழவுக் கருவிகளின் உறுப்புகளுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? தோவாளைப் பக்கம் சொல்வதும் விளவங்கோட்டுப் பக்கம் சொல்வதும் வேறாக இருக்கும். வேறாக இருந்தால் மிகவும் நல்லது. உழுத சேற்றைச் சமப்படுத்த மரமடிப்பார்களே, அந்த மரத்துக்கும் அதில் ஏறி நிற்பவருக்கும் ஏதாவது பெயர் உண்டா? கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள், இரும்பு நங்கூரம் வருவதற்கு முன்னால் கல்லைக் கட்டி இறக்கியதற்கு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன சொல்லை எழுதுங்கள். அவர்கள் எப்படி உச்சரித்தார்களோ அப்படியே எழுதுங்கள். ஏட்டுத் தமிழாகத் திருத்த வேண்டாம். சொல்லோடு ஊர்ப்பெயரையும், சொன்னவரின் வயதையும் குறிப்பிட்டால் போதும். வந்து சேர்கிறவற்றை வரும் இதழ்களில் தொடர்ந்து வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்